வேலிக்கு அடித்த மருந்து

என் அருமை மச்சாள் றீற்றாவுக்கு,

வருகிற வெள்ளியோடு நீ போய் ஐந்து வருசம். இத்தனை காலமும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கார்த்திகை மாதம் சேமக்காலையில் உன் கல்லறைக்கு வருவேன், மெழுகுதிரி கொளுத்துவேன், புல்லைப் பிடுங்குவேன், வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீயும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாய். சொல்ல வேண்டியதை மட்டும் நான் சொன்னதே இல்லை.

இந்தக் கடிதத்தை உன் ஆண்டுப் பூசைக்கு அச்சடிக்கும் மடலில் போடப்போகிறோம். நறுவிலிக்குளம் முழுக்க வாசிக்கும். வாசிக்கட்டும். உன்னைப் பற்றி ஊருக்குள் ஒரு கதை உலாவியது உனக்குத் தெரியும். "மருந்து குடுக்க மறந்து பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தவள்" என்று கிணற்றடியில் சொன்னார்கள், கோயில் வாசலில் சொன்னார்கள். ஊரறியப் போன கதையை வீட்டுக்குள் உன் படத்துக்கு முன்னால் அழுது திருத்த முடியாது.

அதற்கு முதல் நல்ல செய்தி ஒன்று. உன் மகள் ஜெனிக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. போன மாதம் பள்ளிக்கூடத்து ஒளிவிழாவுக்கு என்ன உடுப்பு என்று அலுமாரியைக் குடைந்தவள், உன் நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் பழக்கதோஷத்தில் அளவு நாடாவை எடுத்துவிட்டேன். தோள் சரி. இடுப்பு சரி. நீளமும் சரி. ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை, றீற்றா. கரையைக்கூட மடிக்கவில்லை. நான் குந்தியிருந்து அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என்ன மாமி, சட்டை கிழிஞ்சு போச்சோ?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சட்டை அவளுக்கு அளவாக இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நாங்கள் இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலம். அங்கேதான் ஜெனி பிறந்தாள். நான்கு வயதில் அவளுக்குத் தொய்வு, அந்த மூச்சிழுப்பு, முற்றிவிட்டது. விறகுப் புகை, தகரக் கூரைச் சூடு, மழை வந்தால் நிலமெல்லாம் ஈரம். நெஞ்சு விசிலடிக்கும், விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போகும். நீ அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பாய். அப்போதுதான் முகாமுக்கு வெளியே பெரிய ரோட்டில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது, கைராசியான ஆள் என்று எனக்கு யாரோ சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது நீயல்ல, நான். இதையும் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மனிசன் துண்டுச் சீட்டுக்கூட எழுதவில்லை. கடதாசிப் பொட்டலத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள் மடித்துத் தந்தான்.

மூன்றாம் நாள் இழுப்பு நின்றுவிட்டது. பிள்ளை வரிசைவீட்டு முற்றத்தில் ஓடித் திரிந்தாள். குளிசையை நிறுத்தினால் இழுப்பு திரும்பி வந்தது. அதனால் நாங்களாகவே தினமும் கொடுத்தோம். காலையில் ஒன்று, தேத்தண்ணியோடு. பொட்டலம் முடிந்தால் நான் போய் அடுத்த பொட்டலம் வாங்கிவருவேன். அப்படியே இரண்டு வருசம் ஓடியது.

அந்த இரண்டு வருசத்தில் பிள்ளை எப்படி இருந்தாள்! கன்னம் இரண்டும் பூரித்து, கண் உள்ளே போய், முகம் வட்டமாய் மினுங்கியது. முகாமில் எல்லோரும் கிள்ளிப் பார்த்தார்கள். "என்ன குடுத்து வளக்கிறியள்?" என்று கேட்டார்கள். கண்பட்டுவிடும் என்று நீ கன்னத்தில் மை வைத்தாய். இரண்டு கோப்பைச் சோறு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கோப்பையை நீட்டுவாள். "உன்ர வயித்துக்குள்ள ஆரையும் வாடகைக்கு வைச்சிருக்கிறியோடி?" என்று நான் பகிடி பண்ணுவேன். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளை சதை போட்டதைப் பார்த்து எங்களுக்குப் பெருமை. இல்லாத வீட்டில் கொழுத்த பிள்ளை என்றால் தாய்க்கு அது ஒரு பதக்கம்தானே.

பிறகு சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பினோம். நான் தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சாரத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அந்தப் பெட்டிக்குள்தான் பத்து மாதத்துக்குப் போதுமான குளிசைப் பொட்டலங்களும் வந்தன. காடு மண்டிய வளவு, சுவர் மட்டும் மிஞ்சிய வீடு, கூடாரச் சீலை. உன் புருசன், என் தம்பி யூட், கூலிக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டினான். நீ நானாட்டான் பக்கம் வயல் வேலைக்குப் போனாய். புருசனைப் பறிகொடுத்துவிட்டு உங்களோடு ஒட்டிக்கொண்ட நான் மெசினைப் பூட்டி, ஊராருக்குச் சட்டை தைத்தேன்.

என் அளவுக் கொப்பி உனக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு பக்கம். மார்பு, இடுப்பு, நீளம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடைத் துணியை ஜெனிக்கு வெட்டும்போது அகலத்துக்குத் துணி போதவில்லை. நீளத்தில் மிஞ்சியது. மிஞ்சியதை வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டுப் போட்டேன். ஒரே வருசத்தில் மூன்று தரம் இடுப்பைப் பிரித்துத் தைத்தேன். கரையை ஒரு தரமும் இறக்கவில்லை. எல்லாம் என் கையெழுத்தில் கொப்பியில் கிடக்கிறது, றீற்றா. இடுப்பின் இலக்கத்தை எழுதும்போது சந்தோசப்பட்டேன். நீளத்தின் இலக்கம் மாறாமல் நின்றதை நான் பார்க்கவே இல்லை. ஊரிலுள்ள பெண்டுகளின் தோள் ஒரு நூல் ஏறினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, வீட்டுப் பிள்ளை வளராமல் நின்றது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த டொக்டரம்மாதான் கண்டுபிடித்தார். வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டை, எல்லோரையும்விடப் பாரம். முதுகில் பூனைமயிர் அடர்ந்திருந்தது. தொடையில் ஊதா நிறத்தில் கோடு கோடாக வெடிப்பு. உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் வந்தேன். நீ பொட்டலத்தைக் காட்டினாய்.

"இதை எவ்வளவு காலமாக் குடுக்கிறீங்கள்?"

"ரெண்டு வருசத்துக்கு மேல, டொக்டர்."

"ஆர் எழுதித் தந்தது?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "ஒருத்தரும் எழுதித் தரேல்ல, டொக்டர். நாங்களா வாங்கினனாங்கள்" என்றாய். நாங்களா என்றாய். மச்சாள்தான் வாங்கினவ என்று சொல்லியிருக்கலாம்.

அது ஸ்டீரொயிட் என்று டொக்டர் சொன்னார். கடுமையான இழுப்பு வந்தால் நாலைந்து நாள் கொடுக்கிற மருந்து, உயிரைக் காப்பாற்றும். வருசக்கணக்காகத் தினமும் கொடுத்தால் முகம் ஊதும், பசி கூடும், எலும்பு வளராமல் நிற்கும், காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்காது. "இண்டைக்கே எல்லாத்தையும் எறிஞ்சு போடுறன்" என்று நீ எழும்பினாய். டொக்டர் உன் கையைப் பிடித்து இருத்தினார். "சடுதியா நிப்பாட்டினா இன்னும் ஆபத்து. உடம்பு தன்ர வேலையை மறந்து போயிருக்கு. மெல்ல மெல்லக் குறைச்சுத்தான் வர வேணும்." அதற்கென்று ஒரு கிளினிக் கொப்பியும் தந்தார். மாதம் ஒரு தரம் பாலம் தாண்டித் தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

அந்த மாதங்களில் நான் தையல் பிரிக்கிற பிளேட்டால் குளிசையை அரையாக்கினேன், பிறகு காலாக்கினேன். நீ கலண்டரில் புள்ளி போட்டாய். பிள்ளை சோர்ந்து கிடந்தாள், சிடுசிடுத்தாள். ஆனாலும் முகம் வடியத் தொடங்கியது. ஒருநாள் கன்னத்தில் பழைய குழி தெரிந்தது. நீ ஓடிவந்து "மச்சாள், மச்சாள், பாருங்கோ!" என்று கத்தினாய். நான் மெசினை விட்டு எழும்பி வந்து பார்த்தேன். நாங்கள் மனம்விட்டுச் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும்.

குளிசைக்குப் பதிலாக வாயால் இழுக்கிற பம் தந்திருந்தார்கள். காலையில் இரண்டு தரம், பின்னேரம் இரண்டு தரம். பம்மை ஒரு பிளாஸ்ரிக் குடுவையில் பூட்டி அதனூடாக இழுக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீ விடியவே வயலுக்குப் போய்விடுவாய். பின்னேரம் வந்தால் அடுப்படி. அதனால் பம் கொடுப்பது என் பொறுப்பு. "மச்சாள், மறந்திடாதேங்கோ" என்று ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அப்போது எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. ஆளுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. கொப்பளித்துத் துப்புவதற்கு நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று நான் நினைத்தேன். பம் அடித்ததும் பிள்ளையை ஓடிப்போய் விளையாடச் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் அவள் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினமாதிரி வெள்ளை படர்ந்தது. அடுத்த கிளினிக்கில் நீ பிள்ளையோடு உள்ளே இருந்தபோது, நான் மருந்து கொடுக்கிற யன்னலடியில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு தாய் அந்தப் பம்மைக் காட்டி என்னவோ கேட்டாள். உள்ளே இருந்தவர் சொன்னது என் காதில் விழுந்தது: "ஓம், இதிலயும் ஸ்டீரொயிட்தான் இருக்கு. ஆனா..."

ஆனா என்றதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது. பம்மில் இருப்பது மிகக் கொஞ்சம், நெஞ்சுக்கு மட்டும் போவது, வாய் கொப்பளித்தால் அந்த வெள்ளையும் வராது என்று பிறகு எத்தனையோ பேர் எனக்கு விளக்கினார்கள். அன்றைக்கு ஒருவரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைக்கூடக் கேட்கவில்லை. ஒருமுறை என் கையாலேயே நஞ்சை வாங்கி ஊட்டிவிட்டேன், இன்னொருமுறை ஊட்டமாட்டேன் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். பிள்ளை மேலிருந்த பாசம் என்று சொல்லவா, முதல் செய்த பிழையை அழிக்கிற அவசரம் என்று சொல்லவா?

"இனிப் பம் வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிட்டா. அம்மாவுக்கும் தெரியும்" என்று ஜெனியிடம் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பம்மின் கசப்பு அவளுக்குப் பிடிக்காது. சந்தோசமாக ஓடிவிட்டாள்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பம்மைக் குலுக்கிப் பார்ப்பாய். பாரம் குறையாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் காலையில் இரண்டு தரம், பின்னேரம் இரண்டு தரம் வேலிக்குப் போய் கிளுவை மரத்துக்கு அடித்தேன். குடுவையைக் கழுவி, நீ காணும்படி கொடியில் கொழுவி வைத்தேன். ஆறு கிழமை. ஒருநாளும் தவறவில்லை, றீற்றா. வேலிக்கு நான் ஒழுங்காக மருந்து கொடுத்தேன்.

நெல் அரிவு வெட்டுக் காலம் வந்தது. பக்கத்து வயலில் சூடடிக்கிற மெசின் ஓடி, வைக்கோல் தூசி வளவெல்லாம் பறந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை வாசல்படியில் புத்தகப் பையோடு இருந்துவிட்டாள். கதைக்க முடியவில்லை. "மா... மி..." என்று இரண்டு துண்டாகத்தான் வந்தது. உதடு நாவற்பழம் தின்றமாதிரி. அவசரத்துக்கு அடிக்கிற மற்றப் பம்மை அடித்துப் பார்த்தேன், மசியவில்லை. யூட் லாண்ட்மாஸ்டரில் ஏற்றினான். வயலில் இருந்த உன்னை வழியில் ஏற்றினோம். நீ புழுதிக் காலோடு பெட்டிக்குள் ஏறிப் பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாய். நானாட்டானில் அம்புலன்ஸ் கிடைத்தது. பாலத்தில் போகும்போது அவள் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றது நல்லதென்று நான் நினைத்தேன். கூட வந்த தாதியின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் ஊசியால் அவளுக்கு ஏற்றியது என்ன தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் கேட்டாய். நான் எந்த மருந்துக்குப் பயந்து வேலிக்கு அடித்தேனோ அதே ஸ்டீரொயிட். அதுதான் பிள்ளையை மீட்டுத் தந்தது.

மூன்றாம் நாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். நீ தலைமாட்டில். யூட் கால்மாட்டில். நான் தேத்தண்ணிப் போத்தலோடு சுவரோரமாய்.

"பம் ஒழுங்காக் குடுத்தனீங்களோ?"

"ஓம் டொக்டர், ஒரு நாளும் விடேல்ல" என்றாய் நீ.

டொக்டருக்குச் சந்தேகம். குனிந்து ஜெனியைக் கேட்டார். பிள்ளை முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, உள்ளதைச் சொன்னாள். "இப்ப அடிக்கிறேல்ல. கனநாளா இல்ல. அம்மாவுக்குத் தெரியும்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எல்லாம் உனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. கொடியில் கொழுவின குடுவை, பாரம் குறைந்த பம், எல்லாம். நான் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீ டொக்டரிடம் திரும்பினாய்.

"என்ர பிழைதான் டொக்டர். வயல் வேலை அவசரத்தில மறந்து போனன்."

டொக்டர் உன்னை ஏசினார். அவரில் பிழையில்லை, சாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்தவர். ஏசிவிட்டுக் கிளினிக் கொப்பியில் இங்கிலிசில் ஒரு வரி எழுதினார். யூட் உன்னை வெளி விறாந்தைக்குக் கூட்டிப்போய், போகிற வருகிற சனத்துக்கு முன்னால் "நீயெல்லாம் ஒரு தாயோ?" என்று கேட்டான். ஒரு மாதம் உன் கையால் சாப்பாடு வாங்கவில்லை. ஊர் கதைத்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு பூசைக்கு வந்தாய், வயலுக்குப் போனாய். நானும் அதே வீட்டில், அதே மெசினில், தைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னாய்? யூட்டின் கோபம் உனக்குத் தெரியும். என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பான் என்று நினைத்தாயா? போக்கிடமில்லாதவள் என்று இரங்கினாயா? இல்லை, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? சில பின்னேரங்களில் நீ என் மெசினுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நிற்பாய். நான் மிதியை வேகமாக மிதிப்பேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாய்.

ஒன்று மட்டும் செய்தாய். அன்றிலிருந்து பம்மை என்னிடம் தரவில்லை. அரை மணித்தியாலம் முந்தி எழும்பி, பிள்ளையை நித்திரையால் எழுப்பி, நீயே கொடுத்து, குடிதண்ணியிலேயே வாய் கொப்பளிக்க வைத்துவிட்டு வயலுக்குப் போனாய். என்னை ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை பிடித்து அழுது தீர்த்திருப்பேன்.

இரண்டு வருசம் கழித்து ஒரு மாரியில் உனக்குக் காய்ச்சல். வயலால் வந்த எலிக்காய்ச்சல். பனடோல் குடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாய். ஐந்தாம் நாள் நீ இல்லை. கடைசியாக என்னிடம் கதைத்தது ஞாபகமிருக்கிறதா? கண் மஞ்சளாய்க் கிடந்தது. "மச்சாள், பம் முடியப் போகுது. செவ்வாய் கிளினிக்" என்றாய். நான் ஓம் என்றேன். அன்றும் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

உனக்குப் பிறகு அந்தப் பம்மை ஒரு நாளும் தவறவிடவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பும்வரை பக்கத்தில் நிற்பேன். ஊருக்குக் குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டது. டொக்டர்மார் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இப்போது அவள் வலைப்பந்து விளையாடுகிறாள். கொப்பியில் நீளத்தின் இலக்கத்தை நான் பல தரம் வெட்டி எழுதிவிட்டேன். தொடையில் அந்தக் கோடுகள் மட்டும் வெளுத்துப்போய் இன்னும் இருக்கின்றன.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதிய காரணம். இரண்டு கிழமைக்கு முதல், ஜெனி அந்தப் பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்தாள். நடுத் தையல் விட்டுத் தாள்கள் கழன்று கிடந்தன. "மாமி, மெசினில வைச்சு ஒரு ஓட்டம் ஓட்டித் தாங்கோ" என்றாள். தாள்களை அடுக்கும்போது அந்த இங்கிலிசு வரி கண்ணில் பட்டது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். தெரியாதமாதிரித்தான் கேட்டேன்.

"மருந்து ஒழுங்காக் குடுக்கேல்ல, தாய் மறந்திட்டா எண்டு இருக்கு" என்றாள். "புது டொக்டர் வரேக்கையெல்லாம் இதை வாசிச்சுப்போட்டு, இப்ப ஆர் மருந்து தாறது எண்டு கேப்பினம். அம்மா இல்லை எண்டு சொல்லுவன்." நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அம்மாவைக் காட்டிக் குடுத்தது நான்தானே மாமி. நான் ஓம் அடிக்கிறனான் எண்டு சொல்லியிருந்தா, அப்பா அப்பிடிக் கேட்டிருக்கமாட்டார். நெடுக அதைத்தான் நினைக்கிறனான்."

ஏழு வருசமாக அந்தப் பிள்ளை அதைச் சுமந்திருக்கிறாள், றீற்றா. என் பழியை நீ வாங்கினாய். நீ போனபிறகு அவள் வாங்கியிருக்கிறாள். நான் ஊசியைத் தூக்கிவிட்டு, மெசினை நிறுத்தி, அவளை எதிரில் இருத்திச் சொன்னேன். கடையில் தொடங்கி வேலிவரை எல்லாவற்றையும். தைக்காத கொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் கொப்பியைக் கொண்டுவந்து மெசின்மேல் வைத்தாள்.

"இந்த வரியை வெட்ட ஏலாது மாமி. ஆஸ்பத்திரிக் கொப்பி. ஆனா கீழ எழுதலாமாம், கிளினிக் மிஸ்ஸிட்டக் கேட்டனான். நீங்கள் வந்து டொக்டரிட்ட உங்கட வாயால சொல்லோணும். அப்பாவுக்கும் நீங்கள்தான் சொல்லோணும்."

அன்று பின்னேரமே யூட்டிடம் சொன்னேன். கத்துவான், வெளியே போ என்பான் என்று உடுப்பைக்கூட மடித்து வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. கதிரையில் இருந்தபடி உன் படத்தைப் பார்த்தான். "நான் அவளிட்ட மன்னிப்புக் கேக்கவேயில்லை, அக்கா" என்றான். பிறகு வெளியே போய் வேலியடியில் கனநேரம் நின்றான்.

கொப்பியைத் தைத்துவிட்டேன், றீற்றா. இரட்டை நூலில் தைத்தேன், இனிக் கழலாது. அந்த வரிக்குக் கீழே நாலு விரல் இடம் வெறுமையாய் இருக்கிறது, பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். நானும் ஜெனியும் முதல் பஸ்ஸில் பாலம் தாண்டுகிறோம். டொக்டர் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, "தாய் மறக்கேல்ல, மருந்தை வேலிக்கு அடிச்சது நான்" என்று சொல்வேன். எழுதும்வரை கதிரையைவிட்டு எழும்பமாட்டேன். வெள்ளிக்கிழமை ஊர் இதை வாசிக்கும்போது அந்த இடம் நிரம்பியிருக்கும்.

பூசைக்கு உன் மகள் நீலச் சட்டையோடு வருவாள். இந்த முறை நான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நிற்கமாட்டேன், மச்சாள்.

அன்று வாயைத் திறக்காத,
உன் யூட்டின் அக்கா,
உன் மச்சாள்
பிலோமினா